பரம்பரையும் பைலோரியும்

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிய வந்ததும், ‘காப்பாற்ற முடியுமா?’ என்பதற்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் மருத்துவரிடம் கேட்பது, ‘எங்களுக்கும் வருமா?’ என்பதுதான். திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பவர்களும் இதைக் கேட்கிறார்கள், கே.கே. நகரிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் அடையாறுக்கோ வேலூருக்கோ ரயிலேறிப் போகிறவர்களும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு புதிய பதில் விலைக்குக் கிடைக்கிறது. கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ கொடுத்தால், புற்றுநோயோடு தொடர்புடைய பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படித்து அறிக்கை தந்துவிடுகிறார்கள். ஜாதகம் பார்த்துப் பழகிய ஊருக்கு இந்த அறிக்கையின் கவர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாறுபாடுகளுக்கு வயிற்றுப் புற்றுநோயில் பங்கு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. அதற்கான சான்று முன்னெப்போதையும்விட இன்று வலுவாக இருக்கிறது. ஆனால் அதே சான்று இன்னொன்றையும் சொல்கிறது. அந்த மாறுபாடுகளில் முக்கியமான சில, வயிற்றில் குடியிருக்கும் ஒரு கிருமி துணைக்கு இருக்கும்போதுதான் பெரிய அளவில் தீங்கு செய்கின்றன. ஆகவே தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று முதலில் தேட வேண்டியது கிருமியை. மரபணுச் சோதனை, அந்தத் தேடல் யாருக்கு அவசரம் என்று காட்டுவதற்கு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால் பணமும் போகும், பயமும் மிஞ்சும்.

சென்னையிலிருந்தே தொடங்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ் அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை மாநகரின் புற்றுநோய்களைப் பதிந்து வருகிறது. அந்தப் பதிவேட்டின் ஆரம்ப ஆண்டுகளில் சென்னை ஆண்களிடம் முதலிடத்தில் இருந்தது வயிற்றுப் புற்றுநோய். மும்பையோடும் டெல்லியோடும் ஒப்பிட்டால் சென்னையின் விகிதம் தெளிவாகவே அதிகம். மிசோரம்தான் இந்தியாவில் இதற்கு முன்னால் நின்றது, இன்றும் நிற்கிறது. ஆனால் அதே பதிவேட்டில் பின்வந்த பத்தாண்டுகளைப் புரட்டினால், வயதை ஈடுகட்டிக் கணக்கிட்ட விகிதம் ஆண், பெண் இருபாலரிடமும் இறங்கிக்கொண்டே வருகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளில் ஒரு மக்கள்தொகையின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. சென்னைக்குக் குடிவந்தவர்களும் பெரும்பாலும் அதே தமிழ், தெலுங்கு மாவட்டங்களின் மக்கள்தான். மாறியது சமையலறையும் தண்ணீரும் வீட்டில் ஆட்களின் நெருக்கமும். புற்றுநோய் ஆய்வாளர்கள் கஜலட்சுமியும் டாக்டர் சாந்தாவும் சென்னையில் 388 நோயாளிகளை வைத்துச் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பழக்கத்தையும், அதிலும் குறிப்பாகப் பீடியையும், ஊறுகாய் வகையான உணவையும் சுட்டிக்காட்டியது. திருவனந்தபுரத்தில் நடந்த இன்னோர் ஆய்வு மிளகாய்க் காரத்தையும் மிகச் சூடாகச் சாப்பிடும் பழக்கத்தையும் சந்தேகித்தது. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று வாதிடலாம். நோய் ஏறி இறங்கியதற்கு மரபணுவைக் காரணமாகச் சொல்வதற்கு மட்டும் இடமில்லை.

‘பொதுவான விகிதம் எதுவானாலும் ஆகட்டும், பரம்பரைக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே மரபணுதானே தீர்மானிக்கிறது?’ என்று கேட்கலாம். அப்படிப்பட்ட குடும்பங்களில் உலகிலேயே நீண்ட காலம் பின்தொடரப்பட்ட ஒன்று அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்தது. ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியர் 1895இல் ஒரு தையற்காரப் பெண்ணோடு பேச நேர்ந்து, தன் குடும்பத்தில் பலரும் புற்றுநோயில் சாவதாக அவர் வருந்தியதைக் கேட்டு, அந்த வம்சத்தைப் பதியத் தொடங்கினார். 1913இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அது ‘ஜி குடும்பம்’. முதல் தலைமுறைகளில் அங்கே வயிற்றிலும் கருப்பையிலும்தான் புற்று மிகுதி. பல பத்தாண்டுகள் கழித்து ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தை மீண்டும் தேடிப்போனபோது வயிறு பின்னுக்குப் போயிருந்தது. பெருங்குடல் முன்னுக்கு வந்திருந்தது. இன்று அந்த நோய்க்குறித் தொகுதிக்கு லிஞ்சின் பெயர். அந்தக் குடும்பத்தின் குறை எம்.எஸ்.எச்.2 என்ற மரபணுவில் இருப்பதும் பின்னர் உறுதியானது. கொள்ளுப்பாட்டியிடமும் கொள்ளுப்பேத்தியிடமும் ஒரே எழுத்துப் பிழை. ஆனால் அமெரிக்கா முழுவதும் வயிற்றுப் புற்றுநோய் சரிந்த அதே காலத்தில் இந்த வம்சத்திலும் அது சரிந்தது. புற்று வரும் என்பதை மரபணு சொன்னது. எந்த உறுப்பில் என்பதைக் காலமும் இடமும் சொல்லின. கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில் இதே சோதனை சத்தமின்றி நடந்துகொண்டிருக்கிறது. லால்குடி, முசிறி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்து வளர்ந்து, பெல் தொழிற்சாலையிலோ ரயில்வேயிலோ அரசு வேலையிலோ சேர்ந்து இங்கே வீடு கட்டியவர்களின் வயிறும், குழாய்த் தண்ணீரும் ஃபிரிட்ஜும் தனி அறையுமாக வளர்ந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வயிறும் ஒரே மரபணுக்களைக் கொண்டு இருவேறு உலகங்களைச் சந்தித்தவை.

அந்த இரு உலகங்களுக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் வளர்த்துக் காட்டியது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகுப்புக் காரணியாக அறிவித்துவிட்டது. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள், தாயிடமிருந்தும் உடன்பிறந்தோரிடமிருந்தும் தொற்றுகிறது. தொற்றியபின் மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்க வயிற்றிலேயே தங்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘குடும்பத்தில் ஓடுகிறது’ என்ற பேச்சைத் திரும்பக் கேட்க வேண்டும். பாட்டிக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் வயிற்றில் புற்று என்றால், அவர்கள் பகிர்ந்துகொண்டது மரபணுவாக இருக்கலாம். ஒரே கிருமியாக இருக்கலாம். ஒரே உப்புக் கருவாடும் ஊறுகாயும் ஒரே திண்ணையில் சுழன்ற பீடியுமாக இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் மற்றவருக்கு அபாயம் இரண்டு மூன்று மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் ஒற்றை மரபணுக் குறையால் தெளிவாக விளக்கக்கூடியவை மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். எஞ்சிய குடும்பத் திரட்சியைப் பரம்பரை என்று ஒரே சொல்லில் அடைப்பது அவசரம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். தமிழர்களையே சாட்சிக்கு அழைக்கும் மறுப்பு அது. இந்தியாவில் பைலோரி தொற்று மிகப் பரவலானது. பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் அது இருக்கிறது. அப்படியிருந்தும் ஜப்பான், கொரியாவோடு ஒப்பிட்டால் இங்கே வயிற்றுப் புற்றுநோய் பல மடங்கு குறைவு. மருத்துவர்கள் இதைப் புதிர் என்றே அழைத்தார்கள். மலேசியா இந்தப் புதிரை ஒரே ஊருக்குள் வைத்துக் காட்டுகிறது. கோலாலம்பூரில் கோ கியான் லீயும் சகாக்களும் செய்த ஆய்வுகளில் தொற்று மிகுதியாக இருந்தது இந்திய வம்சாவளியினரிடம், அதாவது பெரும்பாலும் தமிழர்களிடம், அடுத்து சீனர்கள், கடைசியில் மலாய்க்காரர்கள். ஆனால் புற்றுநோயில் முன்னால் நின்றது சீனர்கள். ஒரே நாடு, ஒரே கிருமி. நோய் மட்டும் வேறு என்றால் வித்தியாசம் ரத்தத்தில் இல்லாமல் வேறெங்கே இருக்கும் என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். கிருமியின் வம்சத்தைப் பார்த்தால் இந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. மலேசியச் சீனர் வயிற்றில் இருப்பது கிழக்காசிய வகை. இந்தியர் வயிற்றில் இருப்பது வேறு வகை. இரண்டின் நச்சுப் புரதமும் ஒன்றுபோல் இல்லை. கிழக்காசிய வகையின் புரதம் வயிற்றுச் செல்லின் உள்வேலைகளை இன்னும் கடுமையாகக் குலைக்கிறது. மலாய்க்காரர்களின் கிருமியோ இந்தியர்களுடைய வகையை ஒத்தது. அண்மைக் காலத்தில் இந்தியர்களிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று 2009இல் வெளியான மரபியல் ஆய்வு காட்டியது. தோட்டக் காட்டுக்கும் ரயில் பாதைக்கும் போன தமிழர்கள் மாரியம்மனோடு இதையும் கொண்டுபோயிருக்கிறார்கள் போலும். இதைவிட முக்கியமான சாட்சி கிளந்தான் மாநிலம். அங்கே மலாய்க்காரர்களிடம் பைலோரி அபூர்வம். வயிற்றுப் புற்றுநோயும் அபூர்வம். கிருமி இருந்தும் புற்று வராதவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. கிருமி அரிதான ஊரில் இந்தப் புற்று மலிந்ததில்லை. கிருமி தனியாகப் போதாது. ஆனால் அது இல்லாமல் மற்றவை பெரும்பாலும் வேலை செய்வதில்லை. இந்தப் புதிரிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது. நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளில் 25 பேர் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம் வயதினர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பேரி கில்ஃபோர்டு குழு அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து உழைத்து, 1998இல் சி.டி.எச்.1 என்ற மரபணுவில் பிழையைக் கண்டுபிடித்தது. அண்டைச் செல்களை ஒன்றோடொன்று பற்றி நிறுத்தும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. பற்று விட்டுப்போன செல்கள் கட்டியாகத் திரளாமல் வயிற்றுச் சுவரின் உட்பூச்சுக்கு அடியில் சிதறிப் பரவும். அதனால் எண்டோஸ்கோப்பியில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்து ஏமாற்றும். இக்குறை உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே முழு வயிற்றையும் எடுத்துவிடச் சொல்வது இன்று வழக்கமான அறிவுரை. பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றுநோயின் அபாயமும் சேர்ந்து வருகிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் மரபணுச் சோதனைதான் முதல் சோதனை; கிருமி இங்கே துணைப்பாத்திரம். ஆனால் இந்த விதிவிலக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2015இல் வெளியான கணக்கு, இக்குறை உள்ள ஆண்களில் 70 சதவீதமும் பெண்களில் 56 சதவீதமும் எண்பது வயதுக்குள் வயிற்றுப் புற்றுக்கு ஆளாவார்கள் என்றது. 2019இல், நோய் நிறைந்த குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல் பரவலாகச் சோதிக்கப்பட்டவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அது 42, 33 என்று இறங்கியது. நான்கே ஆண்டுகளில் மரபணு மாறவில்லை. யாரை எண்ணினார்கள் என்பது மாறியது. வயிற்றையே அகற்றச் சொல்லும் ஒரு தீர்ப்புக்கு அடியில் உள்ள எண் இவ்வளவு ஆடுகிறது என்றால், மற்ற மரபணுக்களின் எண்களை எவ்வளவு நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது தெரிய வரும்.

மறுகோடியில், எல்லாரிடமும் உள்ள சிறுசிறு மாறுபாடுகள். ‘ஏ’ வகை ரத்தப் பிரிவினருக்கு இந்நோய் சற்று அதிகம் என்று 1953இலேயே லண்டனில் இயன் ஏர்டு குழு காட்டியது. பொதுவான ஒரு நோயோடு பரம்பரைக் குறி ஒன்றைத் தொடர்புபடுத்திய முதல் சில ஆய்வுகளில் அதுவும் ஒன்று. பின்வந்த பெரிய ஆய்வுகளும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்ற அளவில் அதை ஒப்புக்கொண்டன. 2000இல் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் மரபணுவின் மாறுபாடு பரபரப்பாகப் பேசப்பட்டது. பிற்பாடு ஆசிய நாடுகளில் முடிவுகள் ஒத்துவரவில்லை. சுவாரசியம் என்னவென்றால், அந்த மாறுபாடு ஏன் தீங்கு செய்யும் என்று சொல்லப்பட்ட காரணமே கிருமி வந்தால் வயிறு எப்படிப் பதிலடி கொடுக்கும் என்பதைப் பற்றியது. கிருமி இல்லாத வயிற்றில் அதற்குப் பேச்சே இல்லை. ஜப்பானில் மதுவோடு சேர்ந்து தீங்கு செய்வதாகப் பேசப்படும் ஏ.எல்.டி.எச்.2 மாறுபாடு தமிழர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை. இத்தகைய சில்லறை மாறுபாடுகளைக் கூட்டிக் கழித்து, வண்ணப் படத்தோடு ஒருவரின் அபாயத்தைச் சொல்லும் அறிக்கைகளைத் திருச்சிக்காரர் ஒருவர் அலமாரியில் வைத்து மறந்துவிடலாம். நஷ்டமில்லை.

கவனிக்க வேண்டியது இரண்டு கோடிகளுக்கும் நடுவே உள்ளவை. 2023இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஜப்பானிய ஆய்வு 10,426 வயிற்றுப் புற்றுநோயாளிகளையும் நோயில்லாத 38,153 பேரையும் ஒப்பிட்டு, 27 மரபணுக்களில் ஒன்பதில் உள்ள கேடான மாறுபாடுகள் நோயோடு தொடர்புடையவை என்று கண்டது. அவற்றில் நான்கு, உடைந்த டி.என்.ஏ. இழைகளைப் பிழையின்றி ஒட்டும் வேலையைச் செய்பவை: பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, பால்பி2, ஏ.டி.எம். மார்பகப் புற்றுநோயோடு சேர்த்தே இதுவரை நாம் கேட்ட பெயர்கள் இவை. அந்த ஆய்வின் அடுத்த படிதான் என் வாதத்தின் மையம். இன்னொரு ஜப்பானியத் தொகுப்பில் கிருமித் தொற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்த நான்கில் ஒன்றில் குறையும் வயிற்றில் பைலோரியும் இரண்டும் உள்ளவர்கள் 85 வயதுக்குள் வயிற்றுப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு 45.5 சதவீதம்; குறையில்லாமல் கிருமி மட்டும் உள்ளவர்களுக்கு 14.4, இரண்டும் இல்லாதவர்களுக்கு ஐந்துக்கும் கீழ். இந்தக் கூட்டாளித்தனம் ஏன் என்பதற்கும் ஆய்வுக்கூடத்தில் விடை இருக்கிறது. பைலோரி ஒட்டிக்கொண்ட வயிற்றுச் செல்களில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் ஒருசேர அறுகின்றன என்று 2011இல் காட்டப்பட்டது. அதன் நச்சுப் புரதம் பி.ஆர்.சி.ஏ.1 புரதம் செல்லின் கருவுக்குள் போவதையும் தடுக்கிறது என்று டோக்கியோவின் ஹதகேயாமா குழு பின்னர் கண்டது. துணியைத் தினமும் கிழிக்கிறவன் வீட்டுக்குள் இருக்கிறான். பிறக்கும்போதே தையல்காரர்களில் ஒருவர் குறைவு. இருக்கிறவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். கிழிக்கிறவனை வெளியேற்றினால் ஒரு தையல்காரர் குறைவாக இருந்தும் காலம் ஓட்டலாம். பைலோரி அருகிப்போன மேலை நாடுகளில் பி.ஆர்.சி.ஏ. குறைக்கும் வயிற்றுப் புற்றுக்கும் உள்ள தொடர்பு மங்கலாகவே தெரிந்து வந்ததற்கும் இது பொருத்தமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

இந்த 45.5 என்ற எண்ணை அப்படியே காவிரிக் கரைக்கு எடுத்து வந்துவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தவர்கள் அந்தத் தொகுப்பில் மிகச் சிலரே; அதனால் உண்மையான அளவு ஏறத்தாழ 21 முதல் 63 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எல்லை வகுத்திருக்கிறார்கள். ஜப்பானின் அடிப்படை விகிதமும் நம்முடையதைவிடப் பல மடங்கு. அங்கத்திய கிருமி கடுமையானது. கிருமி மட்டும் இருந்தால் 14.4 என்பது சென்னைக்கோ திருச்சிக்கோ பொருந்தவே பொருந்தாது. எண் பொருந்தாவிட்டாலும் உறவின் வடிவம் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. இழையறுப்பதும் ஒட்டுவதும் எல்லா மனித வயிற்றிலும் ஒரே வேதியியல். இந்திய வகைக் கிருமிகளிலும் அந்த நச்சுப் புரதத்தின் மரபணு பெரும்பாலானவற்றில் இருக்கிறது, மென்மையான வடிவத்தில். சிறிய அடிப்படை அபாயம் மூன்று மடங்கானால் அது இன்னும் சிறியதாகவே இருக்கக்கூடும். ஆனால் நாட்டில் ஆண்டுக்கு 60,000 பேருக்கு வருகிற நோய் இது. அவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். நோயைத் தவிர்க்கக்கூடியவர்களை முன்கூட்டி அறிவது அங்கே சிறிய காரியமாகாது.

கிருமியை அகற்றினால் உண்மையிலேயே குறைகிறதா என்பதற்குக் குடும்பங்களிலேயே செய்த சோதனை கொரியாவில் இருக்கிறது. 2020இல் வெளியானது. வயிற்றுப் புற்றுநோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் பைலோரி தொற்றிய 1,676 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கும் பெறாதவர்களில் 23 பேருக்கும் புற்று வந்தது. மருந்தால் கிருமி முற்றாகப் போனவர்களை மட்டும் தனியே எண்ணினால் வித்தியாசம் இன்னும் பெரிது. குடும்ப வரலாறு அப்படியேதான் இருந்தது; அபாயம் பாதிக்கும் கீழே போயிற்று. ஒரு வாரம் விழுங்கிய மாத்திரை அவர்களின் மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இதற்கு இந்திய மருத்துவர்கள் சொல்லும் மறுமொழி நடைமுறை சார்ந்தது. அதை லேசாகத் தள்ள முடியாது. இங்கே மெட்ரோநிடசோலுக்கு அடங்காத பைலோரி மிகுதி. வயிற்றுப்போக்கு என்றாலே அந்த மாத்திரையை வாங்கி விழுங்கும் வழக்கத்தின் விளைவு அது. கிளாரித்ரோமைசினும் பலனிழந்து வருகிறது. ஒழித்த கிருமி வீட்டிலிருந்தே மீண்டும் தொற்றலாம். பாதி மக்களுக்கு இருக்கும் கிருமிக்கு எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால், மற்ற கிருமிகளுக்கு எதிரான ஆயுதங்களும் மழுங்கும். எல்லாம் சரியே. இவை அனைத்தும் ஊர் முழுக்க மருந்து கொடுப்பதற்கு எதிரான வாதங்கள். மரபணு அறிவு பயன்படும் இடமும் இதுவே. எல்லாருக்கும் கொடுக்க முடியாதபோது யாரைத் தேர்வது என்ற கேள்வி எழுகிறது. நெருங்கிய உறவில் இந்நோய் வந்தவர்களும், இழையொட்டும் மரபணுக்களில் குறை இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்களும் அந்த வரிசையில் முதலில் நிற்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியது கிருமியின் எதிர்ப்புத்திறனைக் கணக்கில் எடுத்துத் தேர்ந்த 14 நாள் மருந்து, முடிந்தபின் போயிற்றா என்று பார்க்கும் மறுசோதனை, அதே வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சோதனை.

‘ஏற்கெனவே தெரிந்தவர்கள்’ என்று சொன்னது தமிழ்நாட்டில் கற்பனை மனிதர்களை அல்ல. மார்பகம், சூலகப் புற்றுநோய்க்காக அடையாறிலும் வேலூரிலும் பிற இடங்களிலும் பி.ஆர்.சி.ஏ. சோதனை செய்துகொண்ட பெண்களும் அவர்கள் மூலம் சோதிக்கப்பட்ட உறவினர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அஷ்கனாசி யூதர்களிடம் பரவலாக உள்ள பி.ஆர்.சி.ஏ.1 மாறுபாடு ஒன்று தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அந்தக் கோப்புகள் மார்பகத்தோடு நின்றுவிடுகின்றன. குறையைச் சுமக்கும் அண்ணனையும் சித்தப்பாவையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆண்கள்தானே என்று விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப் புற்றுநோயோ ஆண்களிடம் ஏறக்குறைய இருமடங்கு. புதிதாக ஒரு மரபணுச் சோதனையும் செய்யாமல், ஏற்கெனவே கையில் உள்ள அறிக்கையைக் கொண்டே அந்த ஆண்களைப் பைலோரி சோதனைக்கு அழைக்க முடியும். இந்தத் துறையில் இவ்வளவு மலிவாகச் செய்யக்கூடிய வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

சொந்தத்தில் மணம் முடிப்பதால்தான் இந்தக் குறைகள் என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் இன்னும் கணிசம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி நான்கில் ஒன்றுக்கும் மேல். ஆனால் இங்கே பேசப்படும் மரபணுக் குறைகளுக்குத் தாய் அல்லது தந்தையிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். இரு பக்கமும் சேர வேண்டியதில்லை. ஆகவே நெருங்கிய உறவு மணம் இவற்றின் காரணம் ஆகாது. இரு பக்கமும் சேர்ந்தால் வருவது ஃபான்கோனி ரத்தசோகை போன்ற குழந்தைப் பருவக் கொடுமைகள். அது தனிக் கதை. பொருட்படுத்த வேண்டியது சாதிக்குள்ளேயே நூற்றாண்டுகளாகத் தொடரும் அகமணம். 2017இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்களில் ஒரு சிறு மூதாதைத் தொகுதியின் தடம் அஷ்கனாசியரிடம் இருப்பதைவிட ஆழமாக இருப்பதாகக் கண்டது. ஒரு குழுவில் ஒரு குறிப்பிட்ட பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிட்டால், நூறு மரபணுக்களைப் படிக்காமல் அந்த ஒன்றை மட்டும் சில நூறு ரூபாயில் தேடலாம். சாதியின் வேலிக்கு மருத்துவத்தில் இருக்கக்கூடிய ஒரே பயன் இதுவாக இருக்கலாம். அதையும் யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. மரபணு அறிக்கைகளில் இந்தியர்களுக்கு வரும் முடிவுகளில் ‘பொருள் தெளிவில்லாத மாறுபாடு’ என்ற வகை மேலை நாட்டவர்க்கு வருவதைவிட அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களால் நிரம்பியவை. 83 மக்கட் குழுக்களிலிருந்து பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தெளிவில்லாத மாறுபாடு என்பதற்கு ‘தெரியாது’ என்று மட்டுமே பொருள். ஆனால் வரன் பார்க்கும் வீட்டில் அந்தத் தாளை யாரேனும் பார்த்துவிட்டால் அது ‘தெரியாது’ என்று வாசிக்கப்படாது. செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் சொல்வார்கள். மரபணுக் கோளாறு என்று பொதுப்படையாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது செல்லாது என டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அந்த மாதிரி மறுப்புகள் கூடாது என்று அறிவுறுத்தியது. எனினும் மரபணுவைக் காரணம் காட்டும் பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச்சட்டம் இங்கே இல்லை. கிருமிச் சோதனைக்கு இந்த வாலெல்லாம் கிடையாது. இருந்தால் மருந்து, போனால் போயிற்று. மகளின் கல்யாணத்துக்கு அது ஒரு தடையும் இல்லை. எளிய சோதனையை முதலில் வைக்க வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணங்களோடு இந்தச் சமூகக் காரணமும் சேர்கிறது.

எனவே கே.கே. நகரில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு என் பதில் இப்படித்தான் அமையும். நோயாளி நாற்பது ஐம்பது வயதுக்குள், கட்டியாகத் திரளாமல் சிதறிப் பரவும் வகைப் புற்றுக்கு ஆளானவராக இருந்தாலோ, ஒரே வம்சத்தில் வயிறும் மார்பகமும், அல்லது வயிறும் பெருங்குடலும் கருப்பையுமாகப் பலருக்கு வந்திருந்தாலோ, மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். சோதனையை முதலில் நோயாளியிடம் செய்ய வேண்டும், நலமாக இருக்கும் பிள்ளையிடம் தொடங்கக் கூடாது. நோயாளியிடம் பிழை கண்டுபிடிக்கப்படாமல் பிள்ளையின் அறிக்கை சுத்தமாக வந்தால், அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. மற்ற எல்லாருக்கும், அதாவது பெரும்பாலோருக்கு, மூச்சுச் சோதனையோ மலத்தில் செய்யும் ஆன்டிஜென் சோதனையோ போதும். வயதானவருக்கும் தொந்தரவு உள்ளவருக்கும் எண்டோஸ்கோப்பி. ரத்தத்தில் செய்யும் எதிர்ப்பொருள் சோதனை எப்போதோ வந்துபோன தொற்றையும் இருப்பதாகக் காட்டும், அதை நம்பி மருந்து தொடங்க வேண்டாம். ‘கேஸ் ட்ரபிள்’ என்று கடையில் வாங்கிப் பழகிய பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளைச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்; அவை கிருமியை ஒடுக்கிவைத்து, இருந்தும் இல்லை என்று சொல்ல வைக்கும். திருச்சியில் காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரை போடாத ஐம்பது வயதுக்காரர் எத்தனை பேர் என்று யோசித்தால், இங்கே வரும் ‘இல்லை’ முடிவுகளில் எத்தனை உண்மை என்ற சந்தேகம் தானாக எழும்.

அரசின் பரிசோதனைத் திட்டங்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்களோடு நிற்கின்றன. வயிற்றையும் நான்காவதாகச் சேர்த்து ஊருக்கெல்லாம் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வது தமிழ்நாட்டின் இன்றைய விகிதத்துக்குத் தேவையற்ற செலவு. ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் பணியாளரின் பதிவேட்டில் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கலாம்: இந்த வீட்டில் யாருக்கேனும் வயிற்றில் புற்றுநோய் வந்ததுண்டா? ‘ஆம்’ என்கிற வீடுகளுக்கு மட்டும் ஒரு மலப் பரிசோதனை, கிருமி இருந்தால் இரண்டு வார மருந்து, நான்கு வாரம் கழித்து மறுசோதனை. அந்த வீடுகளில் மார்பகப் புற்றுநோயும் சொல்லப்பட்டால் மரபணு ஆலோசனைக்கு ஒரு சீட்டு.